கார் கியர் உரசல்: காரணம் கண்டறிதலும் சரிசெய்தலும்

கியர் உரசல் என்பது, கையால் கியர் மாற்றும் காரில் ஒரு கியரிலிருந்து வேறொரு கியருக்கு மாற்றும்போது ‘கர்ர்’ என்று எழும் உலோக ஒலியையும், அப்போது கியர் லிவரில் கைக்குத் தெரியும் அதிர்வையும் குறிக்கும். வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு உறுப்புகளை ஒன்றோடொன்று கோக்க முயல்வதால் இது ஏற்படுகிறது.

இந்த ஒலியைக் கேட்டதும் கியர்பெட்டி கெட்டுவிட்டது என்று முடிவு செய்வோர் பலர். ஆனால் பல வேளைகளில் குறை கியர்பெட்டிக்குள் இருப்பதில்லை, கிளட்சில் இருக்கிறது. கேபிளின் நட்டு ஒன்றைத் திருகினால் தீரும் குறைக்கும், கியர்பெட்டியையே கீழே இறக்கிப் பிரிக்க வேண்டிய குறைக்கும் வெளியே கேட்கும் ஒலி ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டையும் பிரித்தறியச் சில எளிய சோதனைகள் உள்ளன. அவற்றை வீட்டு வாசலிலும் பக்கத்துச் சாலையிலும் கார் உரிமையாளரே செய்து பார்க்கலாம்.

திண்டுக்கல் போன்ற ஊர்களில் இது செலவு பற்றிய செய்தி மட்டுமன்று. நகரமும் சுற்றுப்புறமும் சமவெளி. ஆனால் ஒரு பக்கம் சிறுமலையும் மறுபக்கம் பழனி மலைத்தொடரும் நிற்கின்றன. சமவெளியில் சிறு தொல்லையாகத் தோன்றும் உரசல், மலையிறக்கத்தில் கியர் விழாமல் போகும் ஆபத்தாக மாறக்கூடும்.

உரசுவது எது?

கியர் மாற்றும்போது பற்சக்கரங்கள் நகர்ந்து சென்று ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன என்று பலர் எண்ணுகின்றனர். இன்றைய கார்களில் முன்னோக்கிச் செல்லும் கியர்களுக்கு இது பொருந்தாது. அந்தப் பற்சக்கரங்கள் இணை இணையாக எப்போதும் கோத்தபடியே சுழல்கின்றன. ஒவ்வோர் இணையிலும் ஒரு சக்கரம் தன் தண்டோடு இறுகப் பொருந்தியிருக்கும். மற்றொன்று தன் தண்டின் மீது தனியே சுழலும். தனியே சுழலும் அந்தச் சக்கரத்தைத் தண்டோடு பூட்டுவதைத்தான் நாம் ‘கியர் போடுதல்’ என்கிறோம்.

பூட்டும் வேலையைச் செய்வது ஸ்லீவ் எனப்படும் நகரும் வளையம். இது தண்டோடு சேர்ந்து சுழலும். லிவரைத் தள்ளினால், ஃபோர்க் என்னும் கவை இந்த ஸ்லீவை நகர்த்தும். கியர் சக்கரத்தின் பக்கவாட்டில் குட்டையான பற்கள் வரிசையாக இருக்கும். ஸ்லீவின் உட்பற்கள் அவற்றின் மீது ஏறியதும் சக்கரமும் தண்டும் ஒன்றாகிவிடும். உரசல் ஒலி எழுவது இந்தக் குட்டைப் பற்களில்தான். எனவே தொடக்கத்திலேயே கவனித்தால் பெரிய பற்சக்கரங்களுக்குச் சேதம் வருவதில்லை.

வேக வேறுபாடு: ஒரு கணக்கு

ஒரு காரில் இரண்டாம் கியரின் விகிதம் 2 என்றும், மூன்றாம் கியரின் விகிதம் 1.4 என்றும் கொள்வோம். இரண்டாம் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழன்றால், கியர்பெட்டியின் வெளித்தண்டு 3,000 ÷ 2 = 1,500 சுற்று சுழலும். அதே வேகத்தில் கார் செல்லும்போது மூன்றாம் கியர் விழ வேண்டுமானால், உள்தண்டு 1,500 × 1.4 = 2,100 சுற்றில் இருக்க வேண்டும். அதாவது, கியர் மாறும் அந்தச் சிறு இடைவெளியில் உள்தண்டு 900 சுற்று குறைய வேண்டும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது அதே 900 சுற்று கூட வேண்டும்.

கிளட்சை மிதித்ததும் உள்தண்டு என்ஜினிலிருந்து விடுபடுகிறது. கியர் ஆயிலின் தடையால் அதன் வேகம் தானாகவே குறையத் தொடங்கும். மேல் கியருக்குப் போகும்போது இது உதவியாக அமைகிறது. கீழ் கியருக்கு வரும்போது தண்டின் வேகம் கூட வேண்டியிருப்பதால் இதே தடை எதிராக வேலை செய்கிறது. அதனால்தான் தேய்மானம் தொடங்கிய கியர்பெட்டிகளில், மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போதுதான் உரசல் பெரும்பாலும் முதலில் கேட்கிறது.

ஒத்திசைவு வளையம்

இந்த வேக வேறுபாட்டை ஓட்டுநருக்குத் தெரியாமலே சரிசெய்வது ஒத்திசைவு வளையம். பட்டறைகளில் இதை சிங்க்ரோ ரிங் என்பார்கள். பெரும்பாலும் பித்தளையால் ஆன இந்த வளையத்தின் உட்புறம் கூம்பு வடிவில் இருக்கும். கியர் சக்கரத்திலும் அதற்குப் பொருந்தும் கூம்பு உண்டு. லிவரைத் தள்ளத் தொடங்கியதும், வளையம் அந்தக் கூம்பின் மீது அழுந்தி, ஒரு சிறிய பிரேக் போலச் செயல்பட்டு இரண்டின் வேகத்தையும் சமமாக்கும். வேகம் சமமாகும் வரை, வளையத்தின் வெளிப்பற்கள் ஸ்லீவை முன்னேற விடாமல் தடுத்து நிற்கும். சமமானதும் வழிவிடும்.

வளையத்தின் உட்புறத்தில் நுண்ணிய வரிகள் வெட்டப்பட்டிருக்கும். கூம்பின் மீது படிந்த ஆயில் படலத்தை வெட்டி ஒதுக்குவது இவற்றின் வேலை. பல்லாயிரம் முறை கியர் மாற்றியபின் இந்த வரிகள் தேய்ந்து மழுங்கும். அப்போது வளையம் ஆயில் மீது வழுக்கும்; வேகம் சமமாகாது; தடுப்பும் தளர்ந்துவிடும். வேகம் ஒத்துவராத நிலையிலேயே ஸ்லீவ் குட்டைப் பற்களில் மோதும். அதுவே ‘கர்ர்’ ஒலி.

வளையத்தின் பணி, தனித்துவிடப்பட்ட உள்தண்டையும் கிளட்ச் பிளேட்டையும் மட்டும் வேகம் மாற்றுவது. கிளட்ச் முழுமையாக விடுபடாவிட்டால், ஓடும் என்ஜினையே எதிர்த்து அது போராட வேண்டியிருக்கும். புதிய வளையத்தாலும் அது முடியாது. கிளட்சின் குறை கியர்பெட்டியின் குறைபோலத் தோன்றுவது இதனால்தான்.

வரலாறு

1890களில் பிரான்சின் பனார் – லெவாசோர் நிறுவனம் பற்சக்கரங்களை நகர்த்திக் கோக்கும் கியர்பெட்டியைக் கார்களில் பயன்படுத்தியது. அக்காலத்தில் உரசலின்றிக் கியர் மாற்றுவது ஓட்டுநரின் கைத்திறனைப் பொறுத்தது. அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் தாம்சன் உருவாக்கிய ஒத்திசைவு முறையைக் காடிலாக் நிறுவனம் 1928-இல் தன் கார்களில் அறிமுகப்படுத்தியது. அதன்பின் இம்முறை மெல்ல உலகெங்கும் பரவியது.

இந்தியாவில் நீண்ட காலம் ஓடிய அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் பிரித்தானியக் காரை அடியொற்றியது. அதன் பழைய நான்கு கியர் பெட்டியில் இரண்டு, மூன்று, நான்காம் கியர்களுக்கு மட்டுமே ஒத்திசைவு இருந்தது. முதல் கியருக்கு இல்லை. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அவ்வாறே. “வண்டி முழுதாக நின்ற பிறகே முதல் கியர் போட வேண்டும்” என்று பழைய ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுத்தது இக்காரணத்தால்தான். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரில் முன்செல்லும் நான்கு கியர்களுக்கும் ஒத்திசைவு அமைந்திருந்தது.

ஒத்திசைவு இல்லாத பழைய லாரிகளிலும் பேருந்துகளிலும் ஓட்டுநர்கள் ‘டபுள் கிளட்ச்’ முறையைக் கையாண்டனர். கீழ் கியருக்கு இறங்குவதற்கு அதன் படிகள் இவை: கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வருதல், கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்தி உள்தண்டின் வேகத்தைக் கூட்டுதல், மீண்டும் கிளட்சை மிதித்துக் கீழ் கியரைப் போடுதல். ஒத்திசைவு வளையம் செய்யும் வேலையை இங்கே ஓட்டுநரின் காலே செய்கிறது. இந்தப் பழைய முறை இன்று குறை கண்டறியவும் உதவுகிறது.

காரணத்தைக் கண்டறியும் சோதனைகள்

காரைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, முன்னும் பின்னும் ஆள் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். கிளட்ச் பெடலுக்கு அடியில் தரைவிரிப்பு மடிந்து சிக்கியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெடல் கடைசி வரை இறங்காமல் அது தடுப்பதும் உண்டு.

*சோதனை 1: என்ஜின் ஓடாத நிலையில்.* கிளட்சை மிதித்து எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்க்கவும். ஒரு கியர் விழாவிட்டால் காரைச் சிறிது நகர்த்தி மீண்டும் முயலவும். அப்போதும் லிவர் இறுக்கமாகவோ, இடம் தவறியோ இருந்தால், குறை லிவரைக் கியர்பெட்டியோடு இணைக்கும் கேபிள், கம்பி, புஷ் ஆகியவற்றில் இருக்கலாம். எல்லாக் கியர்களும் எளிதாக விழுந்தால் அடுத்த சோதனைக்குச் செல்லலாம்.

*சோதனை 2: என்ஜின் ஓடும்போது, கார் நின்ற நிலையில்.* கால் பிரேக்கையும் அழுத்திக்கொள்ளவும். கிளட்சை முழுதாக மிதித்து, நான்கைந்து விநாடி காத்திருந்து, ரிவர்ஸ் கியரைப் போடவும். கிளட்ச் சரியாக விடுபட்டால் அதற்குள் உள்தண்டு நின்றிருக்கும். கியர் அமைதியாக விழும். காத்திருந்த பிறகும் உரசினால் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள். ரிவர்ஸுக்கும் ஒத்திசைவு உள்ள கார்களில் இச்சோதனை தெளிவாகக் காட்டாது. அவற்றில் கிளட்சை மிதித்தபடியே முதல் கியரைப் போட்டு, கால் பிரேக்கை மெல்லத் தளர்த்திப் பார்க்கலாம். கார் முன்னே நகர முனைந்தால் முடிவு அதுவே.

*சோதனை 3: சாலையில்.* நெரிசல் இல்லாத சாலையில் ஒவ்வொரு கியராக ஏற்றியும் இறக்கியும் பார்த்து, எந்தக் கியர், ஏறும்போதா இறங்கும்போதா, என்ஜின் குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளவும். மெக்கானிக்கிடம் கொடுக்க இதைவிடப் பயனுள்ள குறிப்பு இல்லை.

*சோதனை 4: டபுள் கிளட்ச்.* ஒரே ஒரு கியர் மட்டும் உரசினால், அந்தக் கியருக்கு மேலே கூறிய டபுள் கிளட்ச் முறையில் மாற்றிப் பார்க்கவும். சோதனை 2-இல் கிளட்ச் நன்றாக இருந்து, டபுள் கிளட்சில் உரசல் மறைந்தால், அந்தக் கியரின் ஒத்திசைவு வளையம் தேய்ந்துள்ளது என்று பெரும்பாலும் உறுதியாகக் கூறலாம்.

அறிகுறியும் காரணமும்

- எல்லாக் கியர்களிலும் உரசல், ரிவர்ஸில் மிகுதி: கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை.
- ஒரு கியரில் மட்டும் உரசல்: அந்தக் கியரின் ஒத்திசைவு வளையம் அல்லது ஸ்லீவ் தேய்மானம்.
- காலையில் மட்டும் கியர் இறுகி, சூடானபின் சரியாதல்: ஆயில் அளவுக்கு மீறிக் கெட்டியானது அல்லது பழையது.
- ஆயில் மாற்றிய சில நாள்களில் தொடங்கிய உரசல்: தவறான தர ஆயில்.
- போட்ட கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருதல்: குட்டைப் பற்கள் மழுங்கியிருத்தல், ஃபோர்க் தேய்மானம் அல்லது கியரை இருத்தி வைக்கும் ஸ்பிரிங் தளர்வு.

வேறு சில ஒலிகளையும் உரசல் என்று தவறாக எண்ணுவதுண்டு. நியூட்ரலில் கேட்டு, கிளட்சை மிதித்தால் நின்றுவிடும் ஒலி உள்தண்டின் பேரிங்கைச் சேர்ந்தது. கிளட்சை மிதிக்கும்போது மட்டும் கேட்கும் ஒலி ரிலீஸ் பேரிங்கைச் சேர்ந்தது. கியர் விழுந்தபின் ஓடும்போது தொடர்ந்து கேட்கும் இரைச்சல் பேரிங் அல்லது பற்சக்கரத் தேய்மானத்தால் வருவது.

கிளட்ச் குறைகளைச் சரிசெய்தல்

கேபிள் கிளட்ச் உள்ள கார்களில், பெடலைக் கையால் அழுத்தினால் தொடக்கத்தில் சிறிது தூரம் தடையின்றி இறங்கும். இதை ‘ஃப்ரீ பிளே’ என்பர். இது அளவுக்கு மேல் கூடினால், பெடலைத் தரைவரை மிதித்தாலும் கிளட்ச் முழுதாக விடாது. கேபிள் முனையிலுள்ள நட்டைத் திருகி, காரின் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவர வேண்டும். முற்றிலும் இல்லாமல் செய்துவிடவும் கூடாது. அப்போது கிளட்ச் எப்போதும் பாதி மிதிபட்ட நிலையில் இருந்து, பிளேட் வழுக்கித் தேயும். கேபிளின் இழைகள் பிரிந்திருந்தால் திருகிச் சரிசெய்வதை விட்டு கேபிளையே மாற்ற வேண்டும்.

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள கார்களில் திரவத்தின் அளவைப் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிவு உள்ளது. பெடல் பஞ்சுபோல அமுங்கி, இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால் கியர் சரியாக விழுமானால், குழாயில் காற்று புகுந்திருக்கும். கசிவை அடைத்து, காற்றை வெளியேற்ற வேண்டும். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே திரவக் குடுவை உள்ளதால், இந்தக் கசிவைத் தள்ளிப்போடக் கூடாது.

மழைக்காலத்தில் பல வாரம் ஓட்டாமல் நிறுத்திய காரில் கிளட்ச் பிளேட் துருவால் ஒட்டிக்கொள்வதும் உண்டு. பிளேட் வளைந்திருந்தாலோ, அது நகரும் தண்டின் வரிகள் துருப்பிடித்திருந்தாலோ இதே விளைவு வரும். இவற்றுக்குக் கியர்பெட்டியை இறக்கத்தான் வேண்டும். எனினும் வேலை கிளட்சில்தான். கியர்பெட்டியைப் பிரிக்க வேண்டியதில்லை.

கியர் ஆயில்

பல சிறு கார்களின் கியர்பெட்டியில் ஏறத்தாழ இரண்டு லிட்டர் ஆயில் இருக்கும். ஆயில் டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்னும் தரக் குறியீடுகளைக் காணலாம். எண் கூடினால் தரமும் கூடும் என்று எண்ணி ஜிஎல்-5 ஊற்றுவது பரவலான தவறு. அது மிகுந்த அழுத்தம் தாங்க வேண்டிய டிஃபரன்ஷியல் போன்ற பகுதிகளுக்காக உருவானது. அதில் கந்தக–பாஸ்பரஸ் சேர்மங்கள் கூடுதலாக இருக்கும். இவை வளையத்துக்கும் கூம்புக்கும் இடையே தேவையான உராய்வைக் குறைத்துவிடலாம். சில வகைகள் பித்தளையையும் அரிக்கலாம். கையேடு கூறும் தரத்தையும் கெட்டித்தன்மையையுமே பின்பற்ற வேண்டும்.

பழைய ஆயிலை வடிக்கும்போது அதை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்க்கலாம். வடிகால் மூடியிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசைபோல் படிந்திருப்பது இயல்பான தேய்மானம். ஆயிலில் பொன்னிறத் துகள்கள் மின்னினால் ஒத்திசைவு வளையம் தேய்கிறது. கையில் எடுக்கும் அளவுக்கு இரும்புச் சில்லுகள் இருந்தால் பல் உடைந்திருக்கிறது. அதன்பின் காரை ஓட்டக் கூடாது.

கியர்பெட்டியைப் பிரிக்கும்போது

மேற்கூறியவை எதிலும் தீராமல், ஒரே கியரின் உரசல் நிலைத்தால் கியர்பெட்டியைப் பிரிக்க வேண்டும். இது பயிற்சி பெற்ற மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. ஆனால் எதைப் பார்க்கிறார்கள் என்று உரிமையாளர் அறிந்திருப்பது நல்லது.

வளையத்தைக் கூம்பின் மீது வைத்து அழுத்தி, அதற்கும் குட்டைப் பற்களுக்கும் இடையேயுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளப்பார்கள். வளையம் தேயத் தேயக் கூம்பில் ஆழமாக இறங்குவதால் இந்த இடைவெளி குறையும். பல சிறு கார்களில் புதிதாக இருக்கும்போது இது ஏறத்தாழ 1 மி.மீ.; அரை மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் வளையத்தை மாற்றுவார்கள். துல்லியமான எல்லை அந்தந்தக் காரின் கையேட்டில் இருக்கும்.

குட்டைப் பற்களும் ஸ்லீவின் உட்பற்களும் முனை கூராக இருக்க வேண்டும். அவை மழுங்கிய நிலையில் வளையத்தை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் உரசல் திரும்பிவிடும். பெட்டியை இறக்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஆயில் சீல் ஆகியவற்றையும் பார்த்து, தேய்ந்தவற்றை மாற்றிவிடுவது சிக்கனம். இல்லாவிட்டால் பின்னர் அதே கூலியை மீண்டும் கொடுக்க நேரும். கழற்றிய பழைய உறுப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது உரிமையாளரின் உரிமை.

ரிவர்ஸ் கியர்

பல கார்களில் ரிவர்ஸ் கியருக்கு ஒத்திசைவு இல்லை. அங்கு மட்டும் ஒரு பற்சக்கரமே நகர்ந்து கோக்கிறது. எனவே எப்போதாவது ஒருமுறை எழும் சிறு உரசல் குறையாகாது. காரை முழுதாக நிறுத்தி, கிளட்சை மிதித்து, மூன்று நான்கு விநாடி பொறுத்துப் போட வேண்டும். அவசரமானால், முதலில் ஒரு முன்கியரைப் போட்டுவிட்டு உடனே ரிவர்ஸுக்கு மாற்றலாம். முன்கியரின் ஒத்திசைவு வளையம் உள்தண்டை நிறுத்திக் கொடுத்துவிடும்.

மலைப்பாதையில்

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்குச் செல்லும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் செல்லும் மலைச்சாலை இன்னும் நீளமானது. இச்சாலைகளில் இறங்கும்போது இரண்டாம் கியரில் என்ஜினே காரைப் பிடித்து நிறுத்த வேண்டும். இரண்டாம் கியர் உரசுகிறது என்பதால் மூன்றிலேயே இறங்கினாலோ, கியர் விழாமல் நியூட்ரலில் உருண்டாலோ, முழுச் சுமையும் பிரேக் மீது விழும். தொடர்ந்து அழுத்தப்பட்ட பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். சமவெளியில் பொறுத்துக்கொண்ட உரசல் உயிருக்கு ஆபத்தாவது இவ்வாறுதான்.

கீழ் கியருக்கு இறக்கத்தின் நடுவில் மாற்றாமல், இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். இடையில் கியர் விழாவிட்டால், லிவரைப் பலங்கொண்டு தள்ளாமல், பிரேக்கால் வேகத்தை நன்கு குறைத்து, தேவையானால் காரை ஓரமாக நிறுத்தியே கீழ் கியரைப் போட வேண்டும். இரண்டாம் கியர் உரசும் காரைச் சரிசெய்யாமல் மலைக்கு எடுத்துச் செல்லாமல் இருப்பதே சிறந்தது.

தேய்மானத்தைக் குறைக்கும் பழக்கங்கள்

- கிளட்சைக் கடைசி வரை மிதித்த பிறகே லிவரைத் தொட வேண்டும்.
- நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தி அடுத்த கியருக்குச் செல்வது வளையத்தின் வேலையைக் குறைக்கும்.
- ஓட்டும்போது கையை லிவர் மீதே வைத்திருக்கக் கூடாது. அந்தச் சிறு அழுத்தம் ஃபோர்க்கைத் தேய்க்கும்.
- தைப்பூசக் காலத்தில் பாதயாத்திரைக் கூட்டத்துக்கு இடையே பழனி சாலையில் ஊர்ந்து செல்வது போன்ற நேரங்களில், பாதி கிளட்சில் காரைப் பிடித்து நிறுத்தாமல், நியூட்ரலுக்கு வந்து பிரேக்கைப் பயன்படுத்த வேண்டும்.
- கார் நிறுத்துமிடத்தில் ஆயில் சொட்டு தெரிந்தால் உடனே காட்ட வேண்டும்.

உரசல் ஒலி கேட்கும் ஒவ்வொரு முறையும் குட்டைப் பற்களின் முனை சிறிது மழுங்குகிறது. முதல் மாதத்தில் கேபிளோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, ஓராண்டு கழித்து ஸ்லீவும் சக்கரமும் மாற்றும் வேலையாக வளர்வது இப்படித்தான். பட்டறைக்குச் செல்லும் முன் மேலுள்ள நான்கு சோதனைகளையும் செய்து முடிவுகளைக் குறித்துச் சென்றால், தேவையற்ற செலவையும் தேவையான வேலையையும் உரிமையாளரே பிரித்தறிய முடியும்.